சொல்வதை எழுதுபவர்

ஜனவரி 6, திங்கள்

நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, இன்று காலை ஆறு நாற்பதுக்கு, சிவப்பு மைப் பேனாவைக் கைவிட்டு நீல மைக்கு மாறுவது என்று முடிவெடுத்தேன். பதினாறு ஆண்டுகள் அச்சகத்தில் பிழை திருத்தியவனுக்கு இது சட்டை மாற்றுவது போன்ற காரியம் அல்ல. முடிவை என் மனைவி வளர்மதியிடம் முறைப்படி அறிவித்தேன். "சரிங்க. வரும்போது தேங்கா ஒண்ணு வாங்கிட்டு வந்துருங்க" என்றாள்.

மாற்றத்துக்குக் காரணம் உண்டு. நாளை முதல் எனக்குப் பள்ளி வேலை. இங்கே தாராபுரத்திலேயே, ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் நூலகப் பொறுப்பாளர். தற்காலிகம். சிவப்பு மை ஆசிரியர்களுக்கு மட்டுமே என்று தலைமையாசிரியை ஜெயசீலி மேடம் நேர்காணலிலேயே சொல்லிவிட்டார். "பழைய வேலையை ஏன் விட்டீங்க?" என்று மட்டும் கேட்டார். "மாணவர்களுடன் பணிபுரிய வேண்டும் என்ற உந்துதல்" என்றேன். இந்தத் தொடர் ஒரு ஞாயிறு இணைப்பில், 'மனநிறைவு தரும் பணிகள்' என்ற பக்கத்தில் இருந்தது. வளர்மதி கத்தரித்து என் சட்டைப் பையில் வைத்திருந்தாள்.

உண்மைக் காரணத்தை இங்கே மட்டும் பதிவு செய்கிறேன். ஒரு கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி. இறந்தவர் பெயர் அய்யாச்சாமி. 'ஐயாசாமி' என்று திருத்தினேன். முந்நூறு சுவரொட்டிகள் ஊர் முழுக்க ஒட்டப்பட்ட பிறகு அவருடைய மகன் அச்சகத்துக்கு வந்தார். "எங்கப்பன் எழுவது வருசமாத் தப்பாப் பொழைச்சாருங்களா?" என்று கேட்டார்.

என் திருத்தம் சரியே.

ஜனவரி 7, செவ்வாய்

நூலகம் என்பது நான்கு பீரோக்கள். இரண்டுக்குத்தான் சாவி இருக்கிறது. ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி வாசலில் நின்று, "சார், நீங்க லைப்ரரி சாருங்களா, பீரோ சாருங்களா?" என்று கேட்டாள். கேள்வியில் பிழை எதுவும் தென்படவில்லை.

தேங்காய் வாங்க மறந்துவிட்டேன்.

ஜனவரி 21, செவ்வாய்

புதிய பொறுப்பு. பன்னிரண்டாம் வகுப்பில் சௌடேஸ்வரி என்று ஒரு பெண். பிறவியிலேயே பார்வை இல்லை. மதியம் இரண்டு பீரியட் அவளுக்குப் பாடம் வாசித்துக் காட்ட வேண்டும். "உங்க உச்சரிப்பு சுத்தமா இருக்கு சார்" என்றார் தலைமையாசிரியை. பதினாறு ஆண்டு அச்சக வாழ்வில் யாரும் என் உச்சரிப்பைக் கேட்டதில்லை. பிழை திருத்துபவன் வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை.

உடற்கல்வி ஆசிரியை கோவிந்தம்மாள்தான் அவளைக் கையைப் பிடித்து அழைத்து வந்தார். "இவங்கதான் கண்ணு, புதுச் சாரு."

"பாத்தீங்களா சார்," என்றாள் அந்தப் பெண். "இந்த ஊர்ல எல்லாரும் எல்லாத்தையும் கண்ணு கண்ணுன்னுதான் கூப்புடுவாங்க. எனக்கும் அதே பேருதானுங்க."

சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் பேனாவை அழுத்திக்கொண்டிருந்தேன்.

"சாரு பேனாவை டிக்கு டிக்குன்னு அமுக்கீட்டே இருப்பீங்களாட்டருக்குது. நல்லதுங்க. நீங்க எங்க இருக்கறீங்கன்னு கேக்கவே வேண்டாம்."

பிப்ரவரி 4, செவ்வாய்

கருத்து வேறுபாடு. வரலாற்றுப் பாடத்தை நான் ஏற்ற இறக்கத்துடன் வாசித்தேன். அவள் கையை உயர்த்தினாள்.

"சார், இப்படி நாடகமாட்டப் படிச்சாக் காதுல நிக்காதுங்க. பாயிண்டு பாயிண்டாச் சொல்லுங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு."

"வரலாறு என்பது மளிகைச் சீட்டு இல்லைம்மா."

"திருத்தறவங்களுக்கு மளிகைச் சீட்டுத்தானுங்க வேணும். ஒரு பாயிண்டுக்கு ஒரு மார்க்கு. அவங்க எண்ணீட்டுத்தான் போடுவாங்க."

அவள் விரல்களில் எண்ணி மனப்பாடம் செய்கிறாள். ஒவ்வொரு விரலுக்கும் ஒரு காரணம். ஐந்தாவது காரணம் கிடைக்காவிட்டால் முதல் காரணத்தையே வேறு சொற்களில் சொல்லிக் கட்டை விரலை மடக்குகிறாள். 'வரி அதிகம்' என்பது ஒன்று. 'விவசாயிகள் கையில் பணமில்லை' என்பது ஐந்து. இது கூறியது கூறல் என்று விளக்கினேன். "அதுக்கும் ஒரு மார்க்கு உண்டுங்க சார்" என்றாள்.

பிப்ரவரி 19, புதன்

இவ்வளவு காலம் தாள்களைத் திருத்தி வாழ்க்கையை வீணாக்கிவிட்டேன் என்று தோன்றுகிறது. மனிதர்களைத் திருத்துவதில் உள்ள நிறைவு வேறு. வளர்மதியிடம் சொன்னேன். "அந்தப் புள்ள என்ன தப்புப் பண்ணுச்சுங்க?" என்று கேட்டாள். உருவகம் அவளுக்குப் பிடிபடவில்லை.

சௌடேஸ்வரி இன்று தன் திட்டத்தைச் சொன்னாள். கோயம்புத்தூரில் ஒரு கல்லூரி. அங்கே வரலாறு பி.ஏ.யில் அவளைப் போன்றவர்களுக்கு இரண்டு இடம். விடுதி உண்டு, படித்துக் காட்ட ஆள் உண்டு. நிபந்தனை ஒன்றுதான்: வரலாற்றில் அறுபது மதிப்பெண்.

"அறுபது வந்துட்டாக் கோயமுத்தூருங்க. இல்லைன்னா வீட்டு வேலைதான்."

"என்ன வேலை?"

"அம்மா மில்லுக்குப் போகும்போது மோட்டாரைப் போட்டுட்டுப் போயிருமுங்க. தொட்டி நெறைஞ்சு தண்ணி விழுகற சத்தம் கேட்டதும் நான் போயி நிறுத்தோணும். வீதியிலயே தண்ணி வீணாகாத வீடு எங்களுதுதானுங்க."

அவள் வீடு என் வழியில்தான் இருக்கிறது. தொட்டியை இதுவரை கவனித்ததில்லை.

மார்ச் 5, புதன்

பொதுத் தேர்வு தொடங்கிவிட்டது. சௌடேஸ்வரி வாயால் சொல்லச் சொல்ல எழுதுவது கோவிந்தம்மாள். உத்தரவில் அவர் பெயருக்கு எதிரே 'சொல்வதை எழுதுபவர்' என்று இருக்கிறது. தேர்வு முடிந்து வந்தவர் தலைமையாசிரியைக்கு ஒரு குறிப்பு எழுதித் தந்தார். நான் எட்டிப் பார்த்தேன். நான்கு வரியில் ஏழு பிழை. 'தேர்வரை' என்பது 'தேர்வறை' ஆகி, வல்லின றகரம் கம்பீரமாக வீற்றிருந்தது. பிறகு யோசித்ததில் 'தேர்வறை'தான் சரி. ஆறு பிழை.

அந்தப் பெண்ணின் எதிர்காலம் எப்படிப்பட்ட கையில் இருக்கிறது என்று வருந்தினேன்.

மார்ச் 17, திங்கள்

கோவிந்தம்மாள் மைதானத்தில் பந்து எறிந்து காட்டும்போது விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். நாளை வரலாறு. ஜெயசீலி மேடம் மதியத்துக்குள் அலைந்து என் பெயருக்கு உத்தரவு வாங்கிவிட்டார். "முத்து முத்தா எழுதுவீங்களே சார்" என்றார்.

கோவிந்தம்மாள் கட்டுப் போட்ட கையோடு பள்ளிக்கே வந்து எனக்குப் பயிற்சி அளித்தார். "ஒண்ணுமில்லீங் சார். அது சொல்லறதை அப்படியே எழுதுங்க. கோடு போடுன்னாக் கோடு போடுங்க. நம்ம மண்டையக் கழட்டி வெளிய வெச்சுட்டுப் போயிரோணும். அவ்வளவுதான்."

அவருக்கு அது எளிதாக இருந்திருக்கும்.

மார்ச் 18, செவ்வாய்

வரலாற்றுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. தனி அறை, மின்விசிறி ஓடியது, எனக்கு மேசையும் அவளுக்கு நாற்காலியும். மேற்பார்வைக்கு வந்த வேற்றூர் ஆசிரியர் பெரும்பாலும் வெளியே பேசிக்கொண்டிருந்தார். வழக்கமான மூன்று மணி நேரத்துடன் ஒரு மணி நேரம் கூடுதல். நேரம் சரியாக இருந்தது.

அவள் சொல்லும் முறை கொஞ்சம் கரடுமுரடு. "தலைப்பு: பஞ்சத்துக்குக் காரணங்கள். கோடு போடுங்க சார். ஒண்ணு: வரி ஜாஸ்தி. ரெண்டு: தானியத்தைக் கப்பல்ல ஏத்தீட்டாங்க. மூணு: மழை இல்லை. நாலு: அரசாங்கம் கண்டுக்கலை. அஞ்சு: விவசாயி கையில காசு இல்லை." இதை ஒரு மனிதன் எப்படித் தாளில் ஏற்றுவான்? சிறிது செம்மைப்படுத்தினேன். 'வரிச்சுமையால் நலிந்த உழவன், தான் விளைவித்த தானியம் கடல் கடந்து செல்வதையும், வானம் பொய்த்ததையும், ஆட்சியாளர் முகம் திருப்பிக்கொண்டதையும் கண்டவாறே பசிக்கு இரையானான்.' ஐந்து துண்டுகள் இருந்த இடத்தில் ஒரு வாக்கியம். காசு இல்லாததைத் தனியே சொல்ல வேண்டியதில்லை. நலிந்த உழவனிடம் காசு இருக்காது.

வெளியே வந்ததும் அவள் கேட்டாள். "சார், எல்லாம் எழுதியாச்சுங்களா?"

"எழுதியாச்சு."

"கை வலிக்குமே சார். நிறையாச் சொல்லிப்போட்டேன்."

அவளுடைய அம்மா எனக்கு ஒரு பை நிறைய முருங்கைக்காய் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

மார்ச் 19, புதன்

முருங்கைக்காய்ச் சாம்பார். அதிகம் சாப்பிட முடியவில்லை.

மார்ச் 20, வியாழன்

மீண்டும் முருங்கைக்காய்.

மே 12, திங்கள்

முடிவுகள் வந்தன. சௌடேஸ்வரி: தமிழ் 84, ஆங்கிலம் 71, பொருளியல் 79, அரசியல் அறிவியல் 82, வரலாறு 52. அரசியல் அறிவியல் கோவிந்தம்மாள் இடக்கையால் எழுதியது. கோழி கிளறியது போல் இருந்ததாக அவரே சொன்னார்.

பாராட்டுக் கூட்டத்தில் ஜெயசீலி மேடம், "நூலகப் பணியோடு ஒரு மாற்றுத்திறனாளி மாணவிக்காக உழைத்த குழந்தைவேலு சார்" என்று என்னைக் குறிப்பிட்டார். கைதட்டினார்கள். நானும் கொஞ்சம் தட்டிவிட்டேன், பழக்கத்தில்.

மே 14, புதன்

வரலாற்று விடைத்தாள் நகலுக்கு அவள் விண்ணப்பித்திருக்கிறாளாம். விடைத்தாள் திருத்துபவர்களின் அலட்சியம் பற்றி வளர்மதியிடம் அரை மணி நேரம் பேசினேன். அவள் அரிசி களைந்துகொண்டே கேட்டாள். பிறகு, "நீங்க எதுக்குங்க இவ்வளவு பேசறீங்க?" என்றாள்.

மே 26, திங்கள்

கோடை விடுமுறை. ஆசிரியர் அறையின் மூலையில் உட்கார்ந்து புத்தக இருப்புப் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தேன். கோவிந்தம்மாளும் சௌடேஸ்வரியும் உள்ளே வந்தார்கள். கோவிந்தம்மாள் கையில் நகல். என்னைப் பார்த்தார். நான் வணக்கம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவரும் ஒன்றும் சொல்லாமல் அவளை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து வாசிக்கத் தொடங்கினார்.

"'வரிச்சுமையால் நலிந்த உழவன்...' அடேங்கப்பா. ஒரே மூச்சுல படிக்க முடியலையே புள்ள."

"அது என்னுதில்லீங் டீச்சர். வேற ஆரு பேப்பரோ வந்திருச்சாட்டருக்குது."

"உன்ற நம்பர்தான் கண்ணு போட்டிருக்குது."

"பாயிண்டு இருக்குதுங்களா?"

"பாயிண்டு ஒண்ணுமில்ல."

"கோடு?"

"கோடும் இல்ல. ஆனா எழுத்து அழகா இருக்குது. பத்திரிகையாட்ட."

"பஞ்சத்துக்கு எத்தனை மார்க்கு போட்டிருக்காங்க?"

"ரெண்டு."

அவள் ஐந்து விரல்களையும் விரித்து, மூன்றை மடக்கினாள். கோவிந்தம்மாள் வாசித்துக்கொண்டே போனார். நடுவில் அவள் ஓரிரு முறை சிரித்தாள். "நான் இப்படியெல்லாம் பேசுவனா டீச்சர்?" கடைசிப் பக்கம் வந்தது.

"அப்புறம்?"

"அப்புறம் வெறுந்தாளுதான்."

"இல்லீங் டீச்சர். உப்புச் சத்தியாகிரகம் இருக்கும் பாருங்க. எட்டுப் பாயிண்டு. அதுக்கப்புறம் நாடு பிரிஞ்சது, அது ஒரு ஏழு."

"'உப்பு'ன்னு இருக்குது கண்ணு. அதோட நின்னுருச்சு."

"சாருகிட்டக் கேட்டேன். எழுதியாச்சுன்னாரு" என்றாள். தலையைச் சற்றுத் திருப்பினாள், நான் இருந்த மூலையை நோக்கி. "சாரு இங்க இருக்கறாங்களா?"

என் கட்டைவிரல் பேனாவின் மேல் இருந்தது. அதை அழுத்தாமல் வைத்திருந்தேன். மூச்சையும் கொஞ்சம் நிறுத்தினேன்.

கோவிந்தம்மாள் நேராக என் முகத்தைப் பார்த்தார். "இல்ல கண்ணு," என்றார். "இங்க ஆரும் இல்ல."

அவர்கள் போன பிறகும் நெடுநேரம் பேனாவை அழுத்தவில்லை.

மே 27, செவ்வாய்

மார்ச் 18 பதிவில் ஒரு திருத்தம். 'நேரம் சரியாக இருந்தது' என்பது பிழை. மூன்றே முக்கால் மணி நேரம் முடிந்தபோது இன்னும் நான்கு பெரிய கேள்விகள் பாக்கி. வாக்கியங்களைச் செதுக்கிக்கொண்டிருந்ததில் கவனிக்கவில்லை. அவள் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனாள். இரண்டை எப்படியோ எழுதினேன். மூன்றாவதற்கு 'உப்பு' என்று எழுதும்போது மணி அடித்தது. மணிக்குப் பிறகும் அவள் கடைசிக் கேள்வியின் ஏழாவது பாயிண்டை முடிக்கும்வரை சொன்னாள். நான் தாளின் மேல் மை படாமல் பேனாவை நகர்த்திக்கொண்டிருந்தேன், சத்தத்துக்காக.

இதை அன்றே எழுதியிருக்கலாம். இடம் இருந்தது.

மே 28, புதன்

கோவிந்தம்மாள் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், நின்றுகொண்டே பேசினார்.

"ஏனுங் சார், நான் திட்ட வரலை. அந்தக் காலேஜுக்குப் போன் பண்ணினேன். எழுதுனவரு 'தப்பு என்னுது'ன்னு கையெழுத்துப் போட்டு ஒரு லெட்டர் குடுத்தா, மத்த மார்க்கைப் பாத்துச் சீட்டுக் குடுக்கறோம்னு பிரின்சிபாலம்மா சொல்லீருக்குது. வர்ற திங்கக்கிழமைக்குள்ள. நீங்கதான் நல்லா எழுதுவீங்களே."

வளர்மதி உள்ளே பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டிருந்தாள்.

"அந்தப் பெண் என்ன சொன்னாள்?" என்று கேட்டேன்.

"சாரு பாவம், கை வலிச்சிருக்கும்னு சொல்லுச்சு."

மே 29, வியாழன்

கடிதம் எழுதிவிட்டேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

'சௌடேஸ்வரி சொன்னதை நான் அப்படியே எழுதவில்லை. அவள் எண் போட்டுச் சொன்னதை நான் பத்தியாக்கினேன். அதில் நேரம் போயிற்று. கடைசி இரண்டு விடைகளை நான் எழுதவில்லை. எழுதிவிட்டதாக அவளிடம் பொய் சொன்னேன். தவறு என்னுடையது.'

வளர்மதி இரண்டு முறை படித்தாள். "இதையே குடுத்துருங்க" என்றாள். "ஒரு எழுத்தையும் தொடாதீங்க."

மே 30, வெள்ளி

மாலையில் ஜெயசீலி மேடம் தொலைபேசினார். அடுத்த ஆண்டுக்கும் என் பெயரையே பரிந்துரைத்திருக்கிறாராம். நிர்வாகம் என் 'சேவை மனப்பான்மை'யைக் குறித்துக்கொண்டிருக்கிறதாம். மீதி இரண்டு பீரோவுக்கும் சாவி செய்யப்போகிறார்கள்.

கடிதத்தை மீண்டும் பார்த்தேன். ஆறு வாக்கியங்களில் 'நான்' மூன்று முறை வருகிறது, 'என்னுடையது' ஒரு முறை. ஓசை தட்டுகிறது.

மே 31, சனி

'பொய்' என்ற சொல் ஒரு கல்லூரி முதல்வருக்கு எழுதும் கடிதத்தில் பொருந்துமா என்று யோசித்தேன். 'தவறான தகவல்' என்று மாற்றினேன். பிறகு 'தகவல் இடைவெளி'. 'பத்தியாக்கினேன்' என்பது அவருக்குப் புரியாமல் போகலாம், நீக்கினேன். அது போனதும், 'அதில் நேரம் போயிற்று' என்பது எதில் என்று தெளிவில்லாமல் நின்றது. அதையும் நீக்கினேன்.

ஜூன் 1, ஞாயிறு

பதினோராவது படி. வளர்மதி கேட்டாள். காட்டவில்லை. அவள் ஞாயிறு இணைப்பைப் படிக்காமலே மடித்து வைத்துவிட்டாள்.

ஜூன் 2, திங்கள்

கடிதத்தைக் கோவிந்தம்மாளிடம் ஒட்டிய உறையில் கொடுத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பெரிய மனசுங்க சார் உங்களுக்கு" என்றார். நேராகப் பேருந்து நிலையத்துக்குப் போனார். சௌடேஸ்வரியும் அம்மாவும் அங்கே காத்திருந்தார்களாம். மூவரும் கோயம்புத்தூர் போய் நேரிலேயே கொடுத்தார்கள்.

என் பிரதியை இங்கே ஒட்டிவைக்கிறேன். இதில் எழுத்துப் பிழை கிடையாது.

'மேற்படி மாணவியின் வரலாற்றுத் தேர்வின்போது விடைகளின் வடிவம் குறித்தும் கால அளவு குறித்தும் எதிர்பாராத சில சூழல்கள் நிலவின என்பதையும், அவை மதிப்பெண்ணில் ஓரளவு பிரதிபலித்திருக்கக்கூடும் என்பதையும் பணிவுடன் தெரிவித்துக்கொள்ள விழைகிறேன்.'

ஜூன் 11, புதன்

கல்லூரியிலிருந்து பதில். கோவிந்தம்மாள் அதை என் மேசையில் வைத்துவிட்டு மைதானத்துக்குப் போய்விட்டார். 'தாங்கள் அளித்த கடிதத்தில் எழுதியவரின் தவறு எதுவும் குறிப்பிடப்படவில்லை. எனவே கோரிக்கையைப் பரிசீலிக்க இயலவில்லை. அவ்விடம் பட்டியலில் அடுத்திருந்த மாணவிக்கு வழங்கப்பட்டது.'

மூன்று வாக்கியங்கள். மாற்ற எதுவும் இல்லை.

ஜூன் 16, திங்கள்

இன்று முதல் காலை எட்டு மணிக்கே பள்ளிக்குக் கிளம்புகிறேன். நான்கு பீரோக்களும் திறக்கின்றன.

சௌடேஸ்வரி வீட்டுத் தொட்டி எட்டு இருபதுக்கு நிறைகிறது. மோட்டார் உடனே நிற்கிறது.